நடுத்தரமாக ஒரு கவிதை நடத்துவது எப்படி

கடுக்காமேடு நடுநிலைப் பள்ளியின் ஆங்கில ஆசிரியர் தங்கதுரைக்கு ஒரே ஒரு ஆசைதான். தன்னைச் சுமாரான வாத்தியார் என்று யாராவது ஓர் அதிகாரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். இதென்ன பிரமாதமான ஆசை, நாட்டில் பாதிப் பேருக்குக் கேட்காமலே கிடைக்கிற பட்டமாயிற்றே என்று நீங்கள் சொல்லலாம். ஆறு வருடமாகத் தங்கதுரைக்கு அது கிடைக்கவில்லை, பாவம்.

கடுக்காமேடு கல்வராயன் மலையில், சங்கராபுரத்துப் பக்கமிருந்து ஏறுகிற பாதையில் இருக்கிறது. பஸ் அடிவாரத்தோடு சரி. அதற்கு மேல் நடை, அல்லது துறையின் ஜீப். துறை என்றால் எந்தத் துறை என்று என்னைக் கேட்காதீர்கள். பள்ளிக்கூடம் என்பது பாடம் நடத்துவதற்காக ஏற்பட்டதல்ல, ஆய்வு செய்வதற்காக ஏற்பட்டது என்று மனதார நம்புகிற ஒரு துறை. அதற்கு மேல் விவரம் வேண்டாம்.

அந்தத் துறையில் ஆசிரியர்களுக்கு மூன்று தரம் உண்டு. மேன்மை, நடுத்தரம், கீழ்த்தரம். மலையில் வேலை பார்க்கிற ஒருவர் 'மேன்மை' வாங்கினால் அவரைக் கீழே இறக்க மாட்டார்கள். இவ்வளவு நல்ல வாத்தியாரை மலைப் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கலாமா? 'கீழ்த்தரம்' வாங்கினாலும் இறக்க மாட்டார்கள். இவ்வளவு மோசமான வாத்தியாரைச் சமவெளிக்கு அனுப்பி அங்கேயும் கெடுக்கலாமா? 'நடுத்தரம்' வாங்கியவர் மட்டும் மூட்டையைக் கட்டலாம். அவரால் யாருக்கும் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை, எங்கே இருந்தால் என்ன என்று துறை விட்டுவிடும்.

வேலையில் சேர்ந்த புதிதில் இந்த விதி தங்கதுரைக்குத் தெரியாது. ஆர்வக் கோளாறில் உயிரைக் கொடுத்துப் பாடம் நடத்தி 'மேன்மை' வாங்கிவிட்டார். விதி தெரிந்ததும் பதறிப்போய், அடுத்த ஆய்வில் வேண்டுமென்றே தப்புத் தப்பாக நடத்தி 'கீழ்த்தரம்' வாங்கினார். அதற்கடுத்த முறை நடுவில் நிற்கப் பார்த்தார். பாதி வகுப்பில் பள்ளிக்கூடத்துக் கூரையிலிருந்த தேன்கூடு கலைந்து, அதிகாரிகள் ஜீப்புக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். 'ஆய்வு நிறைவுறவில்லை' என்று எழுதினார்கள். அந்தத் தேனீக்களை நினைத்தால் தங்கதுரைக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும்.

தலைமையாசிரியர் நாராயணசாமி ஆறுதல் சொல்லுவார். "எனக்கு மூணு மேன்மைங்க சார். அதான் இங்கியே தல நரைச்சிப் போச்சி. பழகிக்கோங்க." அந்த ஆறுதலைக் கேட்ட பிறகு தங்கதுரைக்குச் சோறு இறங்காது.

அவருக்கு ஏன் இந்த அவசரம் என்றால், கீழே மூங்கில்துறைப்பட்டில் மனைவி கண்ணகி இருந்தாள். ஒன்றரை ஏக்கர் கரும்பையும் படுக்கையிலிருந்த மாமனாரையும் விட்டுவிட்டு அவளால் மலையேற முடியாது. பெண் குழந்தை செந்தமிழ்ச்செல்விக்கு நாலு வயது. தங்கதுரை எப்போதாவது ஊருக்குப் போனால், குழந்தை கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, அந்த மாமா வந்துகீது" என்று குரல் கொடுக்கும். கண்ணகியின் தம்பி பாண்டியன் அடிக்கடி வந்து போவான். அவன் ஒரு மாமா. இவர் எப்போதாவது வருகிற இன்னொரு மாமா. குழந்தையின் கணக்கு அவ்வளவுதான்.

போன முறை கிளம்பும்போது கண்ணகி வாசல்வரை வந்தாள். "அடுத்த தபா டிரான்ஸ்பரோட வாங்க. இல்லாட்டி, அது மாமாதான்டின்னு நானே சொல்லிக் குடுத்துடுவேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவருக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஆகவே எண்பத்தேழாம் வருடத்து ஆய்வுக்குத் தங்கதுரை மும்முரமாகத் தயாரானார். பாடம், எட்டாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்திலிருந்த ஒரு கவிதை. எழுதியவர் பெயரை அச்சடிக்கத் துறை மறந்துவிட்டது. மொத்தம் எட்டே வரி. ஒருவன் சாயங்காலம் ஆற்றங்கரைக்கு வருகிறான். படகு அக்கரையில் நிற்கிறது. மூன்றாவது வரியில், 'தி லாம்ப் இஸ் லிட் இன் மை ஓன் டோர்' என்கிறான். அவன் வீட்டு வாசலில் ஏற்றிய விளக்கு இங்கிருந்தே தெரிகிறது. படகுக்காரனைக் கூப்பிடுகிறான், கூப்பிடுகிறான். கடைசி வரி: 'ஐ கால், அண்ட் ஒன்லி தி வாட்டர் கம்ஸ்.' கூப்பிட்டதற்குத் தண்ணீர் மட்டும்தான் வருகிறது. துறை வெளியிட்ட ஆசிரியர் கையேட்டில் இதன் மையக்கருத்து ஒரே வார்த்தையில் இருந்தது: நேரந்தவறாமை.

கவிதை நடத்த நாற்பது நிமிடம். அறிமுகம் பத்து, மாதிரி வாசிப்பு பத்து, கேள்விகள் பதினேழு, ரசனை மூன்று. ரசனைக்கு மூன்று நிமிடம் ஜாஸ்தி என்று கருதுகிறவர்களும் துறையில் இருந்தார்கள்.

நன்றாக நடத்துவதும் சுலபம், கெடுப்பதும் சுலபம். சரியாக நடுவில் நடத்துவது இருக்கிறதே, அதற்குத்தான் நெஞ்சுத் தண்ணீர் வற்ற வேண்டும். தங்கதுரை பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். பவானி உச்சரிப்பில் இரண்டு தப்பு செய்ய வேண்டும், மூன்றாவது கூடாது. சின்னதுரை கையைத் தூக்கிவிட்டு எழுந்து நின்று மறந்துபோக வேண்டும். வகுப்பிலேயே சூட்டிகையான மாரி கவிதையை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே வந்து, மூன்றாவது வரியில் நின்றுவிட வேண்டும். வாத்தியார் கையில் சாக்பீஸ் ஒருமுறை உடையும். மலைப் பிள்ளைகள் சொன்ன சொல் தட்டாதவர்கள். ஒரு வாரத்தில் அவ்வளவு அழகாகச் சுமாராகிவிட்டார்கள். பார்க்கவே கண்ணுக்கு நிறைவாக இருந்தது.

ஆய்வுக் குழு வந்தது. குழு என்றால் அதிகாரி ராஜாங்கம், அவருடைய எழுத்தர் சுப்புராயன், ஜீப், அதன் டிரைவர். ராஜாங்கம் சஃபாரி சூட்டில் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு "எஸ் சார்" என்றார்கள். அவர் எதுவும் கேட்கவில்லைதான். கேட்டாலும் கேட்காவிட்டாலும் அதைச் சொல்ல வேண்டும் என்பது துறையின் ஏற்பாடு.

பாடம் அச்சுப் பிசகாமல் நடந்தது. பவானி இரண்டு தப்பு செய்தாள். சின்னதுரை மறந்தான். சாக்பீஸ் உடைந்தது. மாரி மூன்றாவது வரியில் நின்று கூரையைப் பார்த்தாள். ராஜாங்கம் ஒரு கொட்டாவி விட்டார். தங்கதுரைக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நடுத்தரத்துக்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

"சுப்புராயன், நடுத்தரம்னு போட்டுக்கலாமா?" என்று கேட்டு ராஜாங்கம் பேனா மூடியைக் கழற்றினார்.

"போட்டுக்கலாங்கய்யா. ஆனா விதிப்படி ஆய்வு முடிஞ்ச பின்னாடிதான் தரம் போடணும். வண்டி பள்ளிக்கூட எல்லைய விட்டுக் கீழ எறங்கினாத்தான் ஆய்வு முடிஞ்சதா அர்த்தங்கய்யா" என்றார் சுப்புராயன். இந்த மனிதருக்கு விதி என்றால் வெல்லக்கட்டி.

"அப்ப கீழ போயி போட்டுக்கலாம்" என்று ராஜாங்கம் பேனாவை மூடிவிட்டார்.

தலைமையாசிரியர் கட்டிக்கொடுத்த நாட்டுக்கோழியும் தேனுமாக ஜீப் இறங்கியது. தங்கதுரை தன் டிரங்குப் பெட்டியில் வேட்டிகளை மடித்து வைக்க ஆரம்பித்தார். வேட்டிகள் முடிந்து சட்டைக்கு வந்தபோது ஜீப் திரும்ப மேலே ஏறி வருகிற சத்தம் கேட்டது.

அடிவாரத்தில் புளியமரத்தை வெட்டிச் சாலைக்குக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். ஒரு மரமில்லை, கண்ணுக்கெட்டிய வரை மரம். இடஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்கள் பூராவும் சாலை மறியல். உளுந்தூர்பேட்டையில் லாரிகள் வரிசையாக நிற்கின்றனவாம், கள்ளக்குறிச்சியில் பஸ் ஸ்டாண்டே வெறிச்சோடிக் கிடக்கிறதாம். ரேடியோ சொன்னது. எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

"சரி, இங்கியே தங்கிக்கலாம்" என்றார் ராஜாங்கம்.

"தங்கலாங்கய்யா" என்றார் சுப்புராயன். "ஆனா ஆய்வு நடக்கற ஊர்லதான் அதிகாரி தங்கலாம். ஆய்வு நடக்காம தங்கினா அது சொந்த விடுப்புல சேந்துரும்."

"அப்ப ஆய்வு நடக்கட்டும்."

"அங்கீகாரம் ஆன பாடக்குறிப்பு ஒண்ணே ஒண்ணுதான் இருக்குதுங்கய்யா. அந்தக் கவிததான்."

"அதுவே நடக்கட்டும்."

"இன்னொண்ணுங்கய்யா. ஆய்வுக்கு எடுக்கற பாடம் பிள்ளைங்களுக்குப் புதுசா இருக்கணும்."

ராஜாங்கம் யோசித்தார். ஒரு நிர்வாகிக்குரிய தெளிவோடு தங்கதுரையிடம் திரும்பினார். "புதுசா இருக்கச் சொல்லுங்க" என்றார்.

மறுநாள் பிள்ளைகள் அந்தக் கவிதையை முதல்முறையாகப் பார்த்தார்கள். அதற்கு மறுநாளும் முதல்முறையாகப் பார்த்தார்கள். "உங்களில் யாராவது ஆற்றைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று தங்கதுரை ஆங்கிலத்தில் கேட்பார். பிள்ளைகள் புருவத்தைத் தூக்கி வியப்பார்கள். "இன்னிக்கி ஆச்சரியம் கம்மியா இருக்குதே" என்று ராஜாங்கம் குறைபட்டுக்கொண்டார். அன்று சாயங்காலம் ஆச்சரியத்துக்குத் தனியாகப் பயிற்சி வைக்க வேண்டியதாயிற்று.

ஞாயிற்றுக்கிழமையும் பள்ளி உண்டு, ஆய்வு நடக்கிறதல்லவா. ஊரில் கோழிகள் தீர்ந்தன. அப்புறம் முட்டை தீர்ந்தது. அதிகாரிகள் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் சாப்பிட்டார்கள். சாப்பிட்டதும் ராஜாங்கத்துக்குப் பேச்சு வந்துவிடும். பேசுவதற்கு மலையில் வேறு ஆள் ஏது? தங்கதுரையையும் தலைமையாசிரியரையும் உட்கார வைத்துக்கொள்வார்.

"கவிதைய பாத்து பயப்படக் கூடாது சார். நானு சர்வீஸுக்கு வந்து இருவத்தேழு வருஷமாவுது. ஒரு கவிதகூட என்னை ஒண்ணும் பண்ணினதில்ல. அவ்ளோ கவனமா படிச்சிருக்கேன்" என்பார்.

இன்னொரு நாள், "அந்த மையக்கருத்து யார் எழுதினது தெரியுமா? நான்தான். மூணு பேர் கமிட்டி. ஒருத்தரு தண்ணீர்ச் சிக்கனம்னாரு. இன்னொருத்தரு நீச்சல் பயிற்சின்னாரு. நான் கேட்டேன், 'ஏங்க, அந்தாளு நேரத்துக்கு வந்திருந்தா படகு போயிருக்குமா?'ன்னு. ரெண்டு பேரும் வாய மூடிக்கிட்டாங்க. கவிதைய புரிஞ்சிக்கறதுன்னா அப்படிப் புரிஞ்சிக்கணும்" என்றார். தலைமையாசிரியர் பயபக்தியோடு தலையாட்டினார். மூன்று மேன்மை சும்மா வருமா?

ஆனால் தங்கதுரைக்கு வேறொரு ஆபத்து வந்துகொண்டிருந்தது. ஒரே கவிதையைத் தினம் தினம் படித்தால் என்ன ஆகும்? பிள்ளைகளுக்குக் கவிதை வந்துவிட்டது. பவானிக்குத் தப்பு செய்யவே வாய் வரவில்லை. சின்னதுரை மறக்க முடியாமல் திணறினான். மாரி மூன்றாவது வரியில் நிற்காமல் எட்டாவது வரிவரை வழுக்கிக்கொண்டு போனாள். தங்கதுரை நடுவில் இருமித்தான் அவளை நிறுத்தினார்.

வகுப்பு முடிந்ததும் அவளைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். "ஏம்மா, மூணாவது வரியில நிக்கச் சொன்னேனா இல்லியா?"

"நிக்கத்தான் சார் பாத்தேன். அதுவா வருது. நான் இன்னா பண்ணட்டும்?" என்றாள் மாரி. அழுதுவிடுவாள் போலிருந்தது.

நியாயம்தானே. ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து, அது பிள்ளைகளுக்கு வந்துவிட்டதே என்று வயிறு எரிந்த வாத்தியார் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். இப்படியே போனால் 'மேன்மை' வந்து தலையில் விழுந்துவிடும். ஜீப் உடனே இறங்கியாக வேண்டும். அன்று பள்ளி விட்டதும் தங்கதுரை விறுவிறுவென்று மலையிறங்கினார்.

அடிவாரத்தில் சாய்ந்து கிடந்த புளியமரத்தின் மேல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஓரமாகக் கல் கூட்டிக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அரிவாளும் கையுமாக, அட, மச்சான் பாண்டியன்!

"இன்னா மாமா, எறங்கி வன்ட்டீங்களா?" என்று குதித்து வந்தான்.

"மச்சான், உனக்குப் புண்ணியமா போவும். அந்த ஜீப்ப மட்டும் வுட்ருங்கடா. அந்த ஆளு எறங்கினாத்தான் எனக்கு விடிவு காலம்."

"ஜீப்பு போவாது மாமா. ஊரே நிக்கும்போது அதிகாரி மட்டும் போவலாமா? நீங்க வர்றதுன்னா வாங்க. கையப் புடிச்சி மரத்துக்கு இந்தாண்ட ஏத்தி வுடறேன். சைக்கிள் நிக்கிது. பொழுது சாயறதுக்குள்ள வூட்ல இருக்கலாம்."

தங்கதுரை மரத்தைப் பார்த்தார். இடுப்பு உயரம்தான். அந்தப் பக்கம் பாண்டியனின் சைக்கிள் நின்றது. சைக்கிளுக்கு அப்பால் சாலை, சாலைக்கு அப்பால் வீடு. காலைத் தூக்கி வைத்தால் முடிந்தது.

"ஆய்வு நடக்கறப்ப போவக் கூடாதுடா. ஓடிப்போய்ட்டாருன்னு எழுதிடுவாங்க. அப்புறம் ஜென்மத்துக்கும் மலதான்" என்றார்.

பாண்டியன் தலையைச் சொறிந்தான். "இந்த மாதிரி உத்தியோகத்துல எங்களுக்கும் பங்கு குடுன்னுதான் மாமா நாங்க மரத்த வெட்டிப் போட்டுக்கினு குந்திகினு கீறோம். நீங்க இன்னாடான்னா, உள்ள பூந்துட்டு வெளிய வர வழி கேக்குறீங்க."

"உங்களுக்குக் கெடைக்கணும்டா. கண்டிப்பா கெடைக்கணும். வேணும்னா என் எடத்தயே எடுத்துக்கோ" என்றார் தங்கதுரை. விளையாட்டுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பாப்பா இன்னா பண்ணுது?" என்று கேட்டார்.

"பால்வாடில வுட்டாச்சி. டீச்சரம்மா, அப்பா எங்கன்னு கேட்டுச்சாம். 'அப்பா மலையில கீது, இன்னும் பாக்கல. ஒரு மாமாதான் அங்கேர்ந்து வந்து போவும்'னு சொல்லிச்சாம்." பாண்டியன் சிரித்தான். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். தங்கதுரையும் சிரித்து வைத்தார். பிறகு திரும்பி மலையேறினார். வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். வெட்கமாக இருந்தது, எழுந்து நடந்தார்.

மறுநாள் வகுப்பில் பிள்ளைகள் கவிதையை மறுபடி முதல்முறையாகப் பார்த்தார்கள். அறிமுகம் முடிந்தது, வாசிப்பு முடிந்தது. கேள்வி நேரம் வந்தது. வழக்கமான கேள்விகள், வழக்கமான பதில்கள். "மையக்கருத்து?" என்று கேட்டதும் வகுப்பே சேர்ந்து "பங்ச்சுவாலிட்டி" என்றது. அப்போது மாரி கையைத் தூக்கினாள். ஒத்திகையில் இல்லாத கை அது.

"சார், ஒரு டவுட்டு சார். அந்தாளு ஏன் சார் நீந்திப் போவல?"

"இன்னாம்மா?"

"படகு வரல. சரி. வூடுதான் கண்ணுக்கெதிர தெரியுதே. வெளக்குகூட எரியுதே. நீந்திப் போவலாம் இல்ல? எதுக்கு அங்கியே நின்னுக்கினு கூப்டுகினே கீறாரு?"

வகுப்பு சிரித்தது. ராஜாங்கம் நாற்காலியில் நிமிர்ந்தார். "அது நம்ம பாடத்திட்டத்துல இல்லம்மா, உக்காரு" என்றார்.

தங்கதுரை பதில் சொல்லியிருக்கக் கூடாது. ஐயோ, சொல்லியிருக்கவே கூடாது. நேரந்தவறாமை என்று ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுச் சாக்பீஸை உடைத்திருந்தால் மனுஷன் பிழைத்திருப்பார். ஆனால் அவர் சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டார். ஆங்கிலத்தையும் விட்டுவிட்டார்.

"அவருக்கு நீந்தத் தெரியும்மா" என்றார். "சின்ன வயசுல நீந்தினவருதான். ஆனா படகுலதான் போவணும்னு யாரோ சொல்லி வச்சிட்டாங்க. ரொம்ப வருஷமா படகுலயே போயிப் போயி, படகுக்காரன் வுட்டாத்தான் வூட்டுக்குப் போவ முடியும்னு நெனச்சிட்டாரு. நேத்திக்கிக்கூட தண்ணிகிட்ட வரைக்கும் போனாரு. முட்டி ஆழந்தான். இருந்தாலும் திரும்பி வந்து கரையில நின்னுக்கினாரு. அங்க வெளக்கு ஏத்தி வச்சவங்க, இவரு வரமாட்டாருன்னு பழகிக்கினாங்க. அந்த வெளக்கு இவருக்காக ஏத்தினதான்னுகூட இப்ப தெரியல. அதான் கூப்டறாரு. படகுக்காரன் வருவான்னு கூப்டலம்மா. நான் இங்க கீறேன்னு யாருக்காவது கேக்கட்டும்னு கூப்டறாரு. இப்ப கடைசி வரியப் படி."

மாரி படித்தாள். "ஐ கால், அண்ட் ஒன்லி தி வாட்டர் கம்ஸ்." அவள் பலமுறை சொன்ன வரிதான். இந்தமுறை மெதுவாகச் சொன்னாள். சொல்லிவிட்டு உட்கார மறந்து நின்றாள். சின்னதுரை மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான். சுப்புராயன் கடிகாரத்தைப் பார்த்து, ரசனை மூன்று நிமிடத்தைத் தாண்டிவிட்டதைக் கண்டார். அதைச் சொல்ல வாயெடுத்தவர் அதிகாரியின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

ராஜாங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குக் கடலூரில் வீடு. ஒரு வாரத்துக்குப் போதுமான சட்டையோடு வரவில்லை. யாராவது தன்னைத் தேடுவார்களா என்று அவருக்கும் ஒரு சந்தேகம் இருந்திருக்கலாம். மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தார்.

"இருவத்தேழு வருஷம்" என்றார். "இருவத்தேழு வருஷத்துல என்னை ஒரு பாடம் இப்படிப் பண்ணினதில்ல சார்."

தங்கதுரைக்கு அப்போதுதான் புத்தி வந்தது. "அய்யா, வாய் தவறி வந்துட்டுது. கையேட்டுல இல்லாதத சொல்லிட்டேன். நேரத்தையும் தாண்டிட்டேன். பெரிய தப்பு. நடுத்தரம் போடுங்கய்யா" என்று கைகூப்பினார்.

"பாத்தீங்களா சுப்புராயன், என்ன ஒரு அடக்கம்!" என்றார் ராஜாங்கம்.

"அய்யா, கீழ எனக்குக் கொழந்த இருக்குது. அது என்னை மாமாங்குது. இந்தத் தபா எப்படியாவது..."

"சார், சார். உங்க கஷ்டம் எனக்குப் புரியாதா? நானும் குடும்பஸ்தன்தான். ஆனா இப்படி ஒரு வாத்தியார இந்தப் பிள்ளைங்ககிட்டேர்ந்து பிரிச்சா, அந்தப் பாவம் என்னைச் சும்மா விடாது. நல்லது கண்ட எடத்துல கட்டிப் போடணும் சார். அதுக்குத்தான் துறை இருக்குது." தங்கதுரையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மறுபடி அவருக்குக் கண் கலங்கியது.

இரண்டொரு நாளில் மறியலைக் கைவிட்டார்கள். மரங்களை இழுத்து ஓரம் போட்டார்கள். ஜீப் இறங்கியது, ஆய்வு முடிந்தது. முடிந்த மாத்திரத்தில், முதல் வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்லி ராஜாங்கம் 'மேன்மை' என்று எழுதினார். மைக்குப் பஞ்சம் பார்க்காமல் அடிக்கோடும் போட்டாராம். டிரைவர் பின்னால் சொன்னது.

துறை சும்மா இருக்கவில்லை. இனி அந்தக் கவிதையின் மையக்கருத்து 'இல்ல நினைவு' என்று கையேட்டைத் திருத்தியது. ரசனை மூன்று நிமிடம் அப்படியே இருக்க, 'உருக்கம்' என்று புதிதாக இரண்டு நிமிடம் சேர்த்தது. ஆசிரியர் சாக்பீஸை மேஜையில் வைக்க வேண்டிய இடம்கூடக் குறிக்கப்பட்டது. கண்ணீர் கட்டாயமில்லை என்று பெருந்தன்மையாக ஒரு வரி இருந்தது. கவிதை நடத்தும் முறையைக் கற்றுக்கொள்ள, வெள்ளிக்கிழமைதோறும் ஜீப் நிறையச் சமவெளி ஆசிரியர்கள் கடுக்காமேட்டுக்கு ஏறி வந்தார்கள். மாரி ஒவ்வொரு வெள்ளியும் கையைத் தூக்கி, "அந்தாளு ஏன் சார் நீந்திப் போவல?" என்று கேட்டாள். தங்கதுரை ஒவ்வொரு வெள்ளியும் அதே பதிலைச் சொன்னார். வந்தவர்கள் மூக்கை உறிஞ்சிவிட்டு, சாயங்காலம் ஜீப்பில் ஏறி அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை கண்ணகி வந்தாள். கரும்பு வெட்டு முடிந்து நாலு நாள் ஓய்வு. மாமனாரைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, பாண்டியன் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொள்ள, நடந்தே மலையேறி வந்திருந்தாள். அவர்கள் வந்தபோது மாதிரி வகுப்பு தொடங்கிவிட்டது. விருந்தினர்கள் சுவரோரம் உட்கார்ந்திருக்க, தலைமையாசிரியர் குழந்தையை மட்டும் கடைசி வரிசையில் பவானிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

தங்கதுரை குழந்தையைப் பார்த்துவிட்டார். பாதி வகுப்பில் நிறுத்தக் கூடாது. பலகையைப் பார்த்து, பிள்ளைகளைப் பார்த்து, கடைசி வரிசையைப் பார்க்காமல் நடத்தினார். அறிமுகம், வாசிப்பு, கேள்வி. மாரி கையைத் தூக்கினாள். அவர் சாக்பீஸைக் குறித்த இடத்தில் வைத்தார். உருக்கத்தில் அன்று குரல் நிஜமாகவே உடைந்துபோனது. வந்திருந்தவர்களில் ஒருவர், "இன்னிக்கி அருமையா பண்றாரு" என்று பக்கத்து ஆளிடம் கிசுகிசுத்தார். கடைசி வரிசையில் குழந்தை பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து, அவர்கள் எழுந்தால் எழுந்தது, கட்டினால் கையைக் கட்டியது.

மணி அடித்தது. தங்கதுரை பெஞ்சுகளுக்கு இடையில் புகுந்து ஓடினார் என்றே சொல்ல வேண்டும். குழந்தையின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். கண்ணகி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, நான் யாருன்னு தெரியுதா?"

குழந்தை இந்தமுறை ஒளிந்துகொள்ளவில்லை. சட்டென்று எழுந்து நின்றது. கையைக் கட்டிக்கொண்டு, நேராக அவர் முகத்தைப் பார்த்து, கணீரென்று சொன்னது.

"எஸ் சார்."